கடைசி நாலு முழம்

 

"சார், மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். ஆனா ராஜா ராணி கதை வேணாம். வீட்டுக்குக் கொண்டு போற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டார்கள். யோசித்துக்கொண்டே அடுப்படியில் ஒரு குவளை தண்ணீர் பிடித்தேன். நான் குடியிருப்பது மார்சிலிங்கில், மேல் மாடியில். ஜன்னல் வழியே பார்த்தால் ஜொகூர் நீரிணை தெரியும். அதன் குறுக்கே கடற்பாலம். பாலத்தின் ஓரமாகவே படுத்துக் கிடக்கின்றன பெரிய பெரிய தண்ணீர்க் குழாய்கள். கையில் இருந்த குவளையைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். இதைவிட நல்ல சரித்திரம் வேறு என்ன இருக்கிறது?

வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழையைத்தான் வைத்தார். தண்ணீரின் பெருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வந்த வழியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் கடைசி நாலு முழத்தை, அதாவது வீட்டுச் சுவருக்குள் இருக்கும் குழாய், பைப்புத் திருகு, பாத்திரம் ஆகியவற்றை, அறவே எண்ணுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி நாலு முழத்தைப் பற்றியது.

தண்ணீர் வந்த வழி

பழைய சிங்கப்பூரில் தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது. ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டு போனார்கள். சைனா டவுன் வட்டாரத்துக்குக் கிரேத்தா ஆயர் என்று பெயர் வந்தது அதனால்தான். மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்று பொருள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டித் தொழிலில் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

1857-ஆம் ஆண்டில் தான் கிம் செங் என்ற சீன வணிகர், ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டு வரச் சொல்லி 13,000 வெள்ளி தானமாகக் கொடுத்தார். அவர் 1864-இல் காலமாகிவிட்டார். இன்று மெக்ரிச்சி என்று நாம் சொல்லும் நீர்த்தேக்கம் 1868-இல்தான் கட்டி முடிந்தது. பம்புகளும் குழாய்களும் வந்து சேர்ந்து ஊருக்குத் தண்ணீர் கிடைக்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. பணம் கொடுத்த மனிதர் ஒரு குவளை கூடக் குடிக்கவில்லை. அவர் நினைவாக 1882-இல் ஒரு நீரூற்று வைத்தார்கள். அது இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஊர் வளர்ந்தது, தண்ணீர் போதவில்லை. 1927-இல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுடன் ஒப்பந்தம் செய்து, 1932-இல் கூனோங் பூலாய் மலைப் பக்கத்திலிருந்து கடற்பாலம் வழியாகத் தண்ணீர் வந்தது. 1942 ஜனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடி வைத்து உடைத்தபோது அந்தக் குழாயும் உடைந்தது. இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் சரணடைந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம்.

பிறகு 1963. மழை பொய்த்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. அந்தப் பத்து மாதமும் வாளியும் தோம்புமாக வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். "தண்ணிய வீணாக்காதே" என்று தாத்தா பாட்டி அதட்டுவது சும்மா இல்லை.

1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ஜொகூருடன் இரண்டு தண்ணீர் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதலாவது 2011-இல் முடிந்தது. இரண்டாவது 2061 வரை செல்லும். 2003-இல் நமக்குப் பக்கத்துக் கிராஞ்சியிலும் பிடோக்கிலும் புதுநீர் ஆலைகள் திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு, வடிகட்டி, கிருமி நீக்கி, சோதித்து அனுப்பும் தண்ணீரைப் பைப்பைத் திறந்த மாத்திரத்தில் குடிக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்கிறது. அது உண்மைதான்.

பிறகு என்ன கவலை என்கிறீர்களா? நீர்த்தேக்கத்தையும் ஆலையையும் அரசாங்கம் காவல் காக்கிறது. வீட்டுக்குள் வந்த பிறகு காவல்காரர் யார்? நாம்தான். அந்த இடத்தில் ஒரு பழைய திருடன் ஒளிந்திருக்கலாம். அவன் பெயர் காரீயம்.

வெள்ளீயமும் காரீயமும்

ஈயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவு வருவது ஈயச் சொம்பு. அதில் வைத்த ரசத்தின் மணமே தனி. புது மருமகள் ரசத்தை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்து, அது உருகி ஓடின கதை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை! ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் முதலில் ரசம், பிறகு நெருப்பு.

அந்தச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தால். நம் மலாயா பூமி உலகத்துக்கே வெள்ளீயம் கொடுத்த பூமி. கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டினார்கள். 1890 முதல் சிங்கப்பூரின் பிரானித் தீவில் உருக்கினார்கள். உணவுப் பாத்திரத்துக்கு அது ஏற்ற உலோகம்.

காரீயம் வேறு. பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். கனம் அதிகம், விலை குறைவு, உள்ளே போனால் நஞ்சு. தமிழில் இரண்டையும் "ஈயம்" என்று சொல்லி, வெள்ளை, கருமை என்று பிரித்தோம். வேடிக்கை என்னவென்றால் பழைய ரோமானியர்களும் அப்படியே செய்தார்கள். இரண்டையும் "பிளம்பம்" என்று சொல்லி, வெள்ளை பிளம்பம், கறுப்பு பிளம்பம் என்று பிரித்தார்கள். காரீயத்தைக் குறித்த அந்தச் சொல்லிலிருந்துதான் குழாய் வேலை செய்பவருக்கு "பிளம்பர்" என்ற பெயரே வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஈயம் பூசுபவர் வருவார். குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி ஊதி, பித்தளை அண்டாவைச் சுட வைத்து, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். உள்பக்கம் நிலா மாதிரி மின்னும். எங்கள் ஆயா மட்டும் உடனே பாத்திரத்தைக் கொடுக்க மாட்டார். அந்த ஈயத் துண்டை வாங்கி ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்ப்பார். கரி போலக் கோடு விழுந்தால், "இது வேணாம்ப்பா, கலப்படம். புள்ளகுட்டி சாப்பிடுற பாத்திரம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். காரீயம் துணியிலும் காகிதத்திலும் கோடு போடும் என்பதை ஆயா பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் கலந்திருந்தால் கோடு விழாமலும் போகலாம். ஆகவே அந்தச் சோதனையை மட்டும் நம்பி விடாதீர்கள்.

இதே ஆயா, அதே நாளில், பொதுப் பைப்பிலிருந்து காண்டாக் கம்பில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களைத் தொங்கவிட்டுத் தண்ணீர் சுமந்து வந்தார். அந்த மாதிரி டின்களின் ஓரங்களை ஈயப் பற்று வைத்துத்தான் ஒட்டுவார்கள். அந்தப் பற்றில் காரீயம் கலந்திருக்கும். பாத்திரத்தில் கண்டுபிடித்த திருடனை, டின்னில் தோளிலேயே சுமந்து வந்தோம். தெரியாதது யார் குற்றம்?

ரோமாபுரி முதல் ஷெஃபீல்டு வரை

ஆயாவுக்குத் தெரியவில்லை. ஆனால் உலகத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், காரீயக் குழாயில் வரும் தண்ணீரைவிட மண் குழாயில் வரும் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று எழுதி வைத்தார். காரீயம் உருக்கும் தொழிலாளிகளின் முகம் வெளிறிக் கிடப்பதைப் பாருங்கள் என்று காரணமும் காட்டினார். கவனியுங்கள், நஞ்சு முதலில் தெரிந்தது தொழிலாளியின் முகத்தில்தான்.

சொல்லியும் என்ன? காரீயம் வளைக்கச் சுலபம், துருப்பிடிக்காது, வேலை சீக்கிரம் முடியும். அதனால் விடவில்லை. பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகக் காரீயக் குழாய் போட்டார்கள். 1880-களில் ஷெஃபீல்டு முதலிய வடக்கு நகரங்களில் ஜனங்கள் நோய்வாய்ப்பட்டார்கள். அங்கே மேட்டு நிலத்துச் சதுப்பிலிருந்து வந்த தண்ணீர் பார்க்கச் சுத்தம். ஆனால் மென்மையான, கொஞ்சம் புளிப்புத் தன்மையுள்ள தண்ணீர். நம் புளி ரசம் பித்தளையைத் தின்பது போல அது காரீயத்தைத் தின்று, கரைத்து, குவளைக்குள் கொண்டு வந்தது.

இதுதான் இந்த விஷயத்தின் சூட்சுமம். குழாய் மட்டும் குற்றவாளி இல்லை. தண்ணீர் மட்டும் குற்றவாளி இல்லை. இரண்டும் சேர்ந்து, நேரமும் சேர்ந்தால் கேடு. ராத்திரி முழுவதும் குழாய்க்குள் அசையாமல் நிற்கும் தண்ணீரில்தான் காரீயம் அதிகம் கரையும்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற ஊரில் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றி உள்ளூர் ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாயை அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்கள் கரைந்தன. தாய்மார்கள் பாட்டிலில் தண்ணீரைக் கொண்டு வந்து காட்டினார்கள். அதிகாரிகள் ஒன்றுமில்லை என்றார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதைக் கணக்கெடுத்து வெளியிட்டார். அடுத்த மாதமே பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள்.

ஹாங்காங் சொல்லும் பாடம்

"அது வெள்ளைக்காரன் ஊரு, நூறு வருஷத்துப் பழைய பைப்பு. நம்ம ஊரு அடுக்கு வீட்டுல அதெல்லாம் ஏது?" என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஹாங்காங் செய்தியைப் படிக்கும் வரை.

ஹாங்காங் நமக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவர்களுக்கும் அடுக்குமாடி அரசாங்க வீடு. அவர்களுக்கும் பக்கத்து நிலத்திலிருந்து தண்ணீர் வருகிறது. நமக்குப் பங்கீடு வந்த அதே 1963-இல் அங்கே நான்கு நாளுக்கு ஒரு முறை நான்கு மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள்.

அந்த ஊரில் காய் சிங் என்ற புத்தம் புதிய குடியிருப்பு. 2015 ஜூலையில் அங்குள்ள வீட்டுத் தண்ணீரில் காரீயம் அளவுக்கு மீறி இருப்பது வெளிவந்தது. தேடத் தேட, 11 பொதுக் குடியிருப்புகள், சுமார் 29,000 குடும்பங்கள். ஜனங்கள் வாளியோடு கீழே இறங்கித் தண்ணீர் பிடித்தார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓடினார்கள்.

குழாய் காரீயம் இல்லை, செம்பு. நல்ல குழாய். ஆனால் குழாயும் குழாயும் சேரும் மூட்டில் வைத்த ஈயப் பற்றில் காரீயம் கலந்திருந்தது. குடிதண்ணீர்க் குழாய்க்கு அது கூடாது என்பது விதி. விதி இருந்தது, பார்க்க ஆள் இல்லை. புது வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கும் பட்டியலில் அப்போது காரீயமே இல்லை. நீதிபதி தலைமையில் விசாரணை நடந்து 2016-இல் அறிக்கை வந்தது. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்திருப்பார் என்று நம்பியதுதான் அதில் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். அத்தனை பெரிய ஊரின் தண்ணீர் நல்ல தண்ணீர். கெட்டது கடைசி நாலு முழத்தில்.

உடம்பில் என்ன செய்யும்?

காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை. பழைய இரும்புக் குழாயில் துருத் தண்ணீர் வந்தால் கண்ணுக்குத் தெரியும், கொட்டி விடுவோம். காரீயத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்.

சிங்கப்பூர் விதிப்படி ஒரு லிட்டர் குடிதண்ணீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவும் அதுதான். அது எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரே ஒரு கிராம் காரீயம் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு போய்விடும். "இவ்வளவு இருந்தால் கெடுதி இல்லை" என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று உண்டா என்றால், இல்லை என்கிறது அந்த நிறுவனம்.

அதிகம் சேர்ந்தால் வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்த சோகை, நரம்புத் தளர்ச்சி. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரும். ஆனால் முக்கியமான சேதம் பிள்ளைகளுக்குத்தான். பெரியவரைவிட நான்கு ஐந்து மடங்கு காரீயம் பிள்ளையின் உடம்பில் ஏறும். வளரும் மூளையைத் தொடும். கவனம் சிதறும், கற்பது தாமதமாகும். வெளியே பார்த்தால் நோய் எதுவும் தெரியாது. "இந்தப் பையன் மக்கு" என்று நாம் முத்திரை குத்தி விடுவோம்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இன்று மேடையில் சில பிள்ளைகள் பரிசு வாங்குவார்கள், பலர் கை தட்டுவார்கள். கை தட்டும் பிள்ளைகளில் எவருக்காவது காரணம் சோம்பேறித்தனமாக இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால்? அடிப்பதற்கு முன் ஒரு முறை மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் காரீயத்தைச் சோதிக்க முடியும்.

காரீயம் உடம்பை ஏமாற்றும் விதம் இன்னொன்று. அது சுண்ணாம்புச் சத்துப் போல வேடம் போட்டு எலும்பில் போய்த் தங்கிவிடும், பல ஆண்டுகள். பெண்கள் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து குழந்தைக்குப் போகும் அல்லவா? காரீயமும் கூடவே போகும். தாய் சிறுமியாக இருந்தபோது குடித்தது பிள்ளையைச் சேரும்.

நாம் செய்யக்கூடியவை

பயப்படச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தாம்.

முதலாவது, கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத்தில் அது இன்னும் கெட்டியாகும்.

இரண்டாவது, காலையில் எழுந்ததும் பிடிக்கும் முதல் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பால் மாவு கரைக்காதீர்கள். பழைய குழாய் உள்ள வீடாக இருந்தால், தண்ணீர் சில்லென்று வரும் வரை விட்டுப் பிடியுங்கள். ஊருக்குப் போய் வந்த வீட்டிலும், விடுமுறை முடிந்து திறக்கும் பள்ளியிலும் இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள். 1963-ஐ மறக்க வேண்டாம்.

மூன்றாவது, சமையலுக்கும் குடிக்கவும் பச்சைத் தண்ணீர்ப் பைப்பிலேயே பிடியுங்கள். சுடு தண்ணீர்ப் பைப்பில் பிடித்தால் காரீயம் கூடுதலாகக் கரைந்து வரும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்மார்கள் இதை மறக்கக்கூடாது.

நான்காவது, பைப் மாற்றும்போது மலிவு பார்த்துப் பெயர் தெரியாத பித்தளைத் திருகு வாங்காதீர்கள். பித்தளையைக் கடைவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அதில் காரீயம் கலப்பதுண்டு. உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள். "அண்ணே, காரீயம் இல்லாத பற்றுத்தானே வைக்கிறீங்க?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது, தோட்டத்து நண்பர்களுக்கு. மழைத் தண்ணீரோ பைப்புத் தண்ணீரோ, பழைய பெயின்ட் தோம்பிலும், ஈயப் பற்று வைத்து ஒட்டின டின்னிலும் பிடித்து வைக்காதீர்கள். கார் பேட்டரிப் பெட்டி கூடவே கூடாது; அதன் உள்ளே பெரும்பாலும் இருப்பது காரீயம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பேட்டரியை உடைக்கவும் விடாதீர்கள். பேட்டரி வேலை செய்து வருபவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

ஆறாவது, ஈயச் சொம்பில் ஆசை இருந்தால் நம்பிக்கையான கடையில், சுத்த வெள்ளீயம் என்று எழுதிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வரில் ரசம் வையுங்கள். மணம் சற்றுக் குறைந்தாலும் மனம் நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக, பிள்ளைகளுக்குக் கீரை, பால், மீன், முட்டை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பில் காரீயம் எளிதாக ஏறும். வயிறு நிறைந்த பிள்ளையிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். இன்று வீட்டுக்குப் போய், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பைப்பைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். எங்கே மூட்டு, என்ன உலோகம், எத்தனை வயது என்று அப்பாவிடம் கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து விசாரியுங்கள். தான் கிம் செங் பணம் கொடுத்தார், எத்தனையோ தொழிலாளிகள் மலையிலும் கடற்பாலத்திலும் குழாய் போட்டார்கள், அணை கட்டினார்கள். அவர்கள் நம் வாசல் வரை கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். மிச்சம் நாலு முழம். அதை எங்கள் ஆயா துணியில் தேய்த்துப் பார்த்த மாதிரி, நாமும் பார்த்துக்கொள்வோம்.